கால் விரலுக்கு ஒரு ஹாரன்

அக்கா,

இன்று காலை என் வண்டியை ஒரகடம் கூட்டுரோட்டில் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் பழைய ஹாரன் சுவிட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "இது பூட்ச்சு மேடம், புதுசு போட்டுட்டேன். பழச இன்னா பண்ணட்டும்?" என்றார். தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், சும்மா இருக்காமல் அதைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். டக் என்றது. அவ்வளவுதான் அக்கா. கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் கத்திக்கொண்டு போகிற ரோட்டோரத்தில், பஸ்ஸர் அடிக்கவில்லையே, ஏன் அடிக்கவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மேடம், தல சுத்துதா? ஒக்காருங்க" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். என் மகள் காலேஜுக்குப் போகிறாள் இப்போது. அவள் பிறப்பதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். ஆனாலும் என் காது மட்டும் உங்கள் மாடி அறையை இன்னும் காலி செய்யவில்லை.

அந்த அறைக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து வந்த நாங்கள் மூன்று பேர், ஒரு ஸ்டவ், இரண்டு பாய். ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு கம்பெனி, கார்களுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்க் கட்டுகளைச் செய்கிற இடம், அங்கே எனக்கு டெஸ்ட் போர்டில் வேலை. கட்டி முடித்த ஒயர்க் கட்டைப் பலகையில் மாட்டினால் வரிசையாக பல்புகள் எரிய வேண்டும். ஒரு பல்பு எரியவில்லையென்றால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைத் தூக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் வேலை. நாள் முழுக்க எரியாத பல்பைத் தேடுவது.

நீங்கள் கீழே வீட்டுக்காரி. தெருமுனையில் கம்பெனி பஸ் திரும்பும்போதே உங்கள் குரல் மாடிக்கு வந்துவிடும். "அடியே, பஸ்ஸு வந்துட்ச்சுடி! தலைய வாரிகினு இருந்தீங்கன்னா ரோட்ல நிக்கவேண்டிதான்!" அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கடிகாரம் தேவைப்படவில்லை. என் பேச்சைக் கேட்டால் உங்களுக்கு ஒரே சிரிப்பு. "வாரீக, போறீகன்னு இன்னாடி பேச்சு இது, இன்னொரு தபா சொல்லு" என்று சொல்லவைத்து, உங்கள் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவரையும் அழைத்துக் கேட்கவைப்பீர்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வந்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியதும் நீங்கள்தான். ஊரில் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "இன்னாத்துக்கு? நான் செத்தா பூட்டேன்?" என்றீர்கள். அந்த இருபது நாளுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் உங்கள் கையிலிருந்து குடம் நழுவியது. பிறகு சொல் குழறியது. மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்று அண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகுமாம். புத்தி மட்டும் தெளிவாக இருக்குமாம். மருந்து இல்லையாம். "புத்தி தெளிவா இருக்கும்னு நல்ல சேதி மாரி சொல்றாரு கண்ணு அந்த டாக்டரு" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் தெருவையே எழுப்பிய அந்தக் குரல் போய்விட்டது. கொஞ்ச நாள் ஸ்பூனால் டம்ளரைத் தட்டிக் கூப்பிட்டீர்கள். பிறகு கையும் போனது. அண்ணன் செக்யூரிட்டி டியூட்டிக்குப் போகும்போது நான் வீட்டில், நான் ஷிஃப்டில் இருக்கும்போது அவர் வீட்டில் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த உங்கள் மகள் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். அப்போது எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது. நான் மாடியில், நீங்கள் கீழே. உங்களுக்கு ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? சோற்றில் கை வைத்தால்கூட இதே நினைப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை படியிறங்கி வந்து எட்டிப் பார்ப்பேன். நீங்கள் கண்ணாலேயே, போடி மேலே, என்பீர்கள்.

உங்கள் வலது கால் கட்டைவிரல் மட்டும் ஆடுகிறது என்பதை நான்தான் பார்த்தேன். ஈ உட்கார்ந்ததும் சுண்டியது. அன்றே கூட்டுரோட்டுக்குப் போய் ஒரு பழைய மொபெட்டின் ஹாரன் சுவிட்சை வாங்கி வந்தேன். கம்பெனியில் பெட்டி பெட்டியாகச் சுவிட்ச் கிடக்கிறது, ஆனால் கேட்டில் தலைமுடியைக்கூடப் பிரித்துப் பார்த்து அனுப்புவார்கள். மொபெட் ஸ்பிரிங் உங்கள் விரலுக்குக் கல்லாக இருந்தது. அதை எடுத்துவிட்டு ரீஃபில் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டேன். சுவிட்சை ஒரு சின்ன மரக்கட்டையில் அறைந்து, கட்டையைக் கட்டில் காலோடு கட்டி, உங்கள் விரலுக்கு நேரே நிறுத்தினேன். அங்கிருந்து ஒயர் ஜன்னல் வழியாக மாடிப்படியோடு ஏறி என் அறையில் ஒரு பஸ்ஸருக்கு. நாலு டார்ச் செல்லில் பஸ்ஸர் அலறும்.

முதல் தடவை அழுத்தியபோது மாடியிலிருந்து வந்த சத்தத்தில் என் அறைத் தோழி ஒருத்தி "ஆத்தீ!" என்று கத்திவிட்டாள். உங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை என்னைப் படியிறங்க வைத்தீர்கள். எதற்குமில்லை. வந்து நின்றால் சிரிப்பீர்கள். அண்ணன், "வாய் போனாலும் கொழுப்பு போவல பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா, அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம்தான் நான் நிம்மதியாகத் தூங்கிய காலம். பஸ்ஸர் அடிக்கவில்லையா, அக்கா நன்றாக இருக்கிறார். இப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எட்டு மணி நேரம் கம்பெனியில் எரியாத பல்பைக் கண்டால் பதறி நிறுத்துகிறவள், வீட்டுக்கு வந்து அடிக்காத பஸ்ஸரைக் கேட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டேன். இந்த முட்டாள்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால் மன்னித்திருப்பேன். டெஸ்ட் போர்டில் நிற்கிற நான் செய்யலாமா?

அந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயல்களில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பெனி வருகிறதென்று. வயலில் இருந்த எலியெல்லாம் எங்கே போகும்? தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் படுத்த நாள் அது. அண்ணன் டியூட்டியில். மத்தியானம் விழித்துப் பார்த்தேன், பஸ்ஸர் சும்மா இருந்தது, புரண்டு படுத்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சாவகாசமாக முகம் கழுவி, டீ போட்டு எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

காலையில் உங்களுக்கு ஊட்டிய சர்க்கரைக் கஞ்சி கழுத்தோரம் வழிந்து காய்ந்திருந்தது. சுவரிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து உங்கள் கழுத்துக்கு, காதுக்கு, சிவப்பு எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் தடித்துக் கிடந்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது. அறையில் ஒரே ஒரு சத்தம். டக். டக். டக். உங்கள் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை மணி நேரமாக என்று எனக்குத் தெரியாது. படிக்குக் கீழே ஒயரை எலி கடித்துப் போட்டிருந்தது.

நான் கதறிவிட்டேன். எறும்பைத் தட்டித் தட்டி, தேங்காயெண்ணெய் தடவி, "எம்மேல கோவமாக்கா, சொல்லுங்கக்கா" என்று பைத்தியம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். வாயே போய்விட்ட உங்களிடம் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்தது ஒரு பேய். ஒயரை மாற்றினேன், பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டேன், அதோடு என் அறையில் ஒரு சின்ன பல்பையும் சேர்த்தேன். ஒயர் நன்றாக இருக்கும்வரை பல்பு எரியும், அறுந்தால் அணையும். சரிதான். ஆனால் நான் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒயர் நன்றாக இருக்கிறது, அக்கா நன்றாக இருக்கிறாரா? அதற்கு ஒரு பல்பும் இல்லையே. எனவே ஒரு சட்டம் போட்டேன். அரை மணிக்கு ஒருமுறை நீங்கள் சும்மாவாவது அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நான் ஓடி வருவேன்.

இரண்டு நாள் அழுத்தினீர்கள். மூன்றாம் நாள் அரை மணி தாண்டியது, சத்தமில்லை. படிகளில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் விழித்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தீர்கள். காலண்டரின் பின்பக்கத்தில் நான் எழுதித் தொங்கவிட்டிருந்த எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டினீர்கள். நான் வரிசை வரிசையாக விரலை வைத்துக்கொண்டு போவேன், உங்களுக்கு வேண்டிய எழுத்து வந்ததும் டக் என்று அழுத்துவீர்கள். நாலு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆகும். கொம்பு, கால், புள்ளி எதற்கும் உங்களுக்குப் பொறுமை கிடையாது, நான்தான் போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். அன்று நீங்கள் சொன்னது இது: "நான் ஒன் கம்பெனி ஒயரா?"

எனக்குச் சுருக்கென்றது. "பயமா இருக்குக்கா, அதான்" என்றேன்.

மறுபடி பலகை. "பயம் ஒனக்கு. சுவிச்சு எனக்கு."

நியாயம்தானே. உங்கள் உடம்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு விரல். அதையும் நான் அரை மணிக்கு ஒருமுறை எனக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் போட்டிருந்தேன். "சரிக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். வியாதி வந்த நாளிலிருந்து தண்ணீர் வேணுமா, திரும்பிப் படுக்கணுமா என்று கேட்டிருக்கிறேனே தவிர, இப்படிப் பொதுவாக நான் கேட்டதேயில்லை. நீங்கள் யோசிக்கவேயில்லை. "ரேடியோ" என்றீர்கள்.

அண்ணன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகும் ரேடியோ அது. அவர் போட்டால் பாடும், அவர் நிறுத்தினால் நிற்கும். அவருக்குப் பிடித்த செய்தியும் பட்டிமன்றமும்தான் நாள் முழுக்க. மெட்ராஸில் ஒரு ரேடியோ கடைக்காரரிடம் சொல்லி, ஒருமுறை அழுத்தினால் பாடவும் மறுமுறை அழுத்தினால் நிற்கவும் ஒரு சின்ன போர்டு செய்து வாங்கி வந்தேன். உங்களைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறோம், காலடியில் மெயின் கரண்ட் வேண்டாம் என்று பயந்து, ரேடியோவின் பின்மூடியைத் திறந்து டார்ச் செல் போட்டேன். மெயின் ஒயரைப் பின்னால் சுருட்டிக் கட்டிவைத்தேன். செல் தீர்ந்தால் மாற்றுவது நான்தான். அண்ணனுக்கு இதெல்லாம் சொன்னதாக ஞாபகமில்லை. அவரும் கேட்கவில்லை.

இருப்பது ஒரே சுவிட்ச். அதனால் அதன் ஒயர் முனையில் வைத்த பிளக் பின்னை மாற்றி மாற்றிச் சொருக வேண்டும். அறையில் ஆள் இருந்தால் ரேடியோவில், ஆள் வெளியே போனால் பஸ்ஸரில். இது எங்கள் விதி.

அன்று சாயங்காலம் அண்ணன் தரையில் சம்மணம் போட்டுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். டக். செய்தி நின்றது. "ஏய், யாரு நிறுத்தினது?" டக். மறுபடி பாடியது. டக். அவர் ரேடியோவைத் தட்டினார், திருப்பினார், என்னைப் பார்த்தார், பிறகுதான் உங்கள் காலைப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றார். உங்களுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறியது. நான் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டேன். அதிலிருந்து ஏழெட்டு மாதம் வீட்டில் என்ன பாடணும், எப்போது வாயை மூடணும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். பிடிக்காத ஆள் வந்து உச்சுக்கொட்டிப் பேசினால் ரேடியோவைப் போட்டுவிடுவீர்கள். ஒருமுறை மூன்று தடவை போட்டு அணைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். பஸ்ஸர் இல்லாமலே கூப்பிடத் தெரிந்துவிட்டதே என்று நான் மெச்சினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், இதை அண்ணனிடம் சொல்லிவைக்க வேண்டுமென்று. சொல்லவில்லை.

கடைசி நாள் எனக்கு முதல் ஷிஃப்ட். காலையில் உங்களுக்கு வாய் கொப்புளிக்கவைத்துத் துடைத்துவிட்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் ரேடியோவைப் பார்த்தீர்கள், நான் பின்னை ரேடியோவில் சொருகினேன். தெருமுனையில் பஸ் ஹாரன். "அண்ணே, வெளிய போனீகன்னா பின்னை மாத்திருங்க" என்று சொன்னேனா, சொல்ல நினைத்து ஓடினேனா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உங்கள் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. நான் நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னியும் கஷ்டப்படல கண்ணு ஒங்கக்கா. பாட்டு கேட்டுகினே பூட்ச்சு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் பின்னால போனேன். பத்து நிமிசம்தான். பாட்டு பாடுச்சு, நின்னுச்சு, மறுபடி பாடுச்சு, நின்னுச்சு. இன்னாடா இது, ஒங்கக்கா இத்தினி தபா அழுத்துறதில்லையே, கரண்ட்டுதான் இப்டி போய்ப் போய் வருதுன்னு நெனச்சுகினேன். அப்பால நிக்காம பாடிகினே இருந்துச்சு. சரி, கரண்ட்டு வந்துட்ச்சு, ஷோக்கா கேட்டுகினு கீதுன்னு நான்பாட்டுக்கு வேலையப் பாத்தேன்." வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். பாட்டு கேட்டுகினே பூட்ச்சு. சொல்லச் சொல்ல அவர் முகம் கொஞ்சம் தேறியது.

அந்த ரேடியோ செல்லில் ஓடுகிறது, அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமேயில்லை என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை அக்கா. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என் வாயிலிருந்து அது வந்தால், பின்னைச் சொருகியது யார் என்ற பேச்சும் கூடவே வரும். எனக்கு அந்தப் பயமும் இருந்தது.

இப்போது நான் அதே கம்பெனியில் லைன் லீடர். லைனில் யாராவது சத்தமில்லாமல் இருந்தால் நேரே போய், "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்பேன். தண்ணியா, லீவா என்று கேட்பதில்லை. பிள்ளைகள் என்னைப் பின்னால் கேலி செய்கிறார்கள் என்று தெரியும். செய்யட்டும்.

இந்தப் பொங்கலுக்கும் அண்ணனைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால் வயலுமில்லை, மண்மேடுமில்லை, கம்பெனி மதில்தான். அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. கரும்பும் வாழைப்பழமும் கொடுத்தார். பிறகு உள்ளே போய் அந்த ரேடியோவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "பாட மாட்டுது கண்ணு. செல்லு மாத்தணும்" என்றார்.

பின்மூடியைத் திறந்தேன். நான் போட்ட பழைய செல்கள் கசிந்து, பச்சை பூத்து ஒட்டிக்கிடந்தன. மூடியின் ஓரத்தில் நகத்தால் பலமுறை திறந்து மூடிய கீறல்கள் இருந்தன. எப்போது திறந்து பார்த்தாரோ, எத்தனை வருஷத்துக்கு முன்போ. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு கேட்டுகினேதான் பூட்ச்சு ஒங்கக்கா. இல்ல?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

மெக்கானிக்கிடமிருந்து அந்தப் பழைய சுவிட்சைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன் அக்கா. மேஜையில் என் முன்னால்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், நீங்கள் கூப்பிட்டீர்கள்.